ஆற்றுக்குக் கொடுக்க வேண்டிய ஆப்பு

இடது பக்கம் ஒரு சுத்தியல் தட்டு. வலது பக்கம் ஒரு தட்டு. பிறகு யாரும் மூச்சுவிடாத அமைதி.

நைனா, என் அப்பா, பாலத்தின் நடு வளைவுக்கு அடியில், சாரத்தின் உச்சியில் மல்லாந்து படுத்திருந்தார். அவர் மூக்குக்கும் மேலே இருந்த பலகைக்கும் ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். வாயில் ஒரு விசில். மெல்ல ஊதுவார், கீழே இரண்டு பக்கமும் ஒரே ஒரு தட்டு விழும். பலகையில் காதை வைத்துக் கேட்பார். மறுபடியும் ஊதுவார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆற்று மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. எங்கள் காலனியில் பாதிப் பேர் கரையில் நின்றார்கள். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து கையில் குத்தியிருக்கிறது. வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் அது எனக்கே தெரிந்தது.

தளம் ஊற்றும் முன்பு அடியில் பலகை அடித்து, கழி நட்டு முட்டுக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சென்ட்ரிங். நைனாவுக்கு அதுதான் வேலை. வளைவுப் பாலத்துக்கும் அதே வேலைதான், பயம் மட்டும் பத்து மடங்கு. கான்கிரீட் இறுகும் வரை வளைவின் மொத்த பாரமும் கீழே இருக்கும் மரத்தில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு மரத்தின் காலடியிலும் ஜோடி ஜோடியாக ஆப்புகள். ஆப்பைத் தளர்த்தினால் சாரம் ஒரு நூல் இறங்கும். நடுவில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் சரிசமமாகத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வளைவு விரிசல் விட்டுவிடும்.

இடது பக்கச் சுத்தியல் பாபு மாமாவிடம் இருந்தது. அம்மாவின் தம்பி. எப்போதும் வாய் ஓயாத ஆள். அன்று அவர் வாயைத் திறக்கவே இல்லை.

வெகுநேரம் கழித்து நைனா தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தார். "பேப்பர்" என்றார்.

காலையில் என்னிடம் கேட்டு வாங்கியிருந்தார். "வழவழன்னு இருக்கற பேப்பரா குடு ஆபீசரம்மா." பன்னிரண்டாம் வகுப்பு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். பாபு மாமா அதை ஒரு கழியின் நுனியில் செருகி மேலே நீட்டினார். நைனா அந்தத் தாளைக் கான்கிரீட்டுக்கும் பலகைக்கும் நடுவில் நுழைத்து மெல்ல நகர்த்தினார். தாள் போகும் இடமெல்லாம் வளைவு மரத்தை விட்டுவிட்டது என்று அர்த்தம். நடுவில் ஓரிடத்தில் தாள் நின்றது. விசில். இரண்டு தட்டு. தாள் நகர்ந்தது.

மறு ஓரத்தில் அந்தத் தாளை வெளியே இழுத்து, வெயிலில் ஆட்டிக் காட்டினார்.

கரையில் கைதட்டல் எழுந்தது. குடைபிடித்து நின்ற இளவயது சைட் இன்ஜினியர் குடையைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். நைனா கடைசியாக நடு முட்டின் அடியிலிருந்த ஆப்பைத் தட்டி எடுத்து, லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு எங்களிடம் வந்தார். முகமெல்லாம் மரத்தூள்.

அம்மாவைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தானா நிக்குதுடி."

கதவைப் பற்றி எழுதியபோது மறைத்தது

இந்தத் தொடரில் சில வாரங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கதவைப் பற்றி எழுதினேன். காற்றில் அடித்துக்கொள்ளும் கதவு, அதற்கு அண்டை கொடுத்திருந்த மரத்துண்டு என்று ஒரு வரி வந்தது. அது என்ன மரத்துண்டு என்று சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

அது அந்த ஆப்புதான்.

கருவேல மரம். ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். ஒரு முனை கனமாக இருந்து மறுமுனைக்கு வரவர மெலியும். தடித்த முனையில் சுத்தியல் பட்டு நார் பிரிந்து பூப்போல விரிந்திருக்கும். ஓரத்தில் சிமெண்ட் பால் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினாலும் வராது.

நைனாவோடு வேலை செய்யும் செட்டில் ஒரு பழக்கம் உண்டு. மதகோ பாலமோ, தண்ணீர் மேல் செய்யும் வேலை எதுவானாலும் கடைசியாக எடுத்த ஆப்பை விறகில் போட மாட்டார்கள். அடுத்த வேலைக்கும் எடுத்துப் போக மாட்டார்கள். மேஸ்திரி அதை வீட்டில் வைத்திருப்பார். மேலே நடக்கலாம் என்று ஆனதும் அதை எடுத்துக்கொண்டு நடுப்பாலத்துக்குப் போய், ஆற்றில் போட்டுவிட்டு வருவார். அத்தோடு வேலை முடிந்தது. அதுவரை மேஸ்திரி வீட்டு ஆட்கள் யாரும் பாலத்தில் கால் வைக்கக் கூடாது.

"ஆத்து மேல நம்ம மரத்த ஊனி வெச்சிருந்தோம் இல்ல. அதுல ஒன்ன அதுக்குத் திருப்பிக் குடுக்கணும்" என்பார் நைனா.

"இல்லன்னா இன்னா ஆவும் நைனா?"

"ஒன்னும் ஆவாது. வேல முடியாது, அவ்ளோதான்."

எங்கெங்கோ வெளிமாவட்டங்களில் எத்தனையோ மதகுகளுக்கு அவர் ஆப்புப் போட்டிருக்கிறார். காலையில் நடக்க முடிந்தால் காலையிலேயே. ரிப்பன் வெட்ட யார் வருகிறார்கள் என்றெல்லாம் அவர் பார்த்ததே இல்லை. காத்திருந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அதுவும் நான் சொல்லித்தான்.

சவுக்குக் கழி

ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் காலனி. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, செஞ்சிக்குப் போகும் பஸ், சுடுகாடு எல்லாம் அந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தரைப்பாலம். வருஷத்தில் ஒன்பது மாதம் அது பாலம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் வந்தால் அது இருக்கும் இடமே தெரியாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா வழியிலும் இல்லை, நைனா வழியிலும் இல்லை. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். கொஞ்சம் திமிராகவே சொல்வேன். அது சும்மா வந்ததில்லை.

நான் ஆறாவது படித்தபோது அரையாண்டுத் தேர்வு அன்று முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். நைனா விடியற்காலையில் சவுக்குக் கழிகளைத் தூக்கிக்கொண்டு போய், தரைப்பாலத்தின் ஓரம் முழுக்க நட்டு, சாரக் கயிற்றால் குறுக்குக் கழி கட்டிவிட்டார். தண்ணீருக்குள் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் போனேன். மறுநாள் என்னோடு ஏழெட்டுப் பிள்ளைகள் அதே கழியைப் பிடித்து வந்தார்கள்.

அடுத்த வெள்ளத்தில் அது போய்விட்டது. அடுத்த வருஷம் மறுபடி கட்டினார். நான் பள்ளி முடிக்கும் வரை ஒவ்வொரு மழைக்கும் கட்டினார். வேலைக்குப் போன ஊரிலிருந்து மழைச் செய்தி கேட்டுப் பஸ் பிடித்து வந்து கட்டியதும் உண்டு.

"ஏய் மாமா, உம்பொண்ணு கலெக்டர் ஆயி உனக்குப் பாலமே கட்டித் தரும் போ" என்று பாபு மாமா கிண்டல் செய்வார்.

"அது கட்டித் தரட்டும். சென்ட்ரிங் நான்தான் போடுவன்."

நான் கலெக்டர் ஆகவில்லை. தேர்வு எழுதி, செஞ்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் ஆனேன். வேலைக்குச் சேர்ந்த அன்றிலிருந்து நைனா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். ஆபீசரம்மாதான்.

பாலமும் வந்தது. சென்ட்ரிங்கும் அவர்தான் போட்டார்.

வில்லுப் பாலம்

இன்று எங்கள் பாலத்தைத் தெரியாதவர்கள் குறைவு. மூன்று வளைவு. நடுவில் இருப்பது பெரியது. செஞ்சிக் கோட்டைப் பக்கம் என்பதால் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று மேலே யாரோ வளைவு வைக்கச் சொன்னார்களாம். ஆற்று மணலில் ஓர் இடத்தில் நின்று பார்த்தால் ராஜகிரி மலை முழுசாக நடு வளைவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த இடத்தில் இப்போது எந்நேரமும் யாராவது கைபேசியோடு குனிந்துகொண்டிருப்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே மாலை போட்டுக்கொண்டு படம் எடுக்கும் ஜோடிகள் சென்னையிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் ஊர் பெயரைச் சொல்வதில்லை. "வில்லுப் பாலம் எறங்கு" என்கிறார்.

கோட்டையைக் கட்டிய ராஜாக்களின் பெயரைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். மலை மேல் கல் ஏற்றியவர்கள் பெயரை எந்தப் பாடத்திலும் கேட்டதில்லை. படிக்கும்போது அது எனக்கு உறைக்கவும் இல்லை.

தார் டின்கள்

வளைவு தானாக நின்றபின் அதன் மேல் தூண் எழுப்பி, தளம் ஊற்றி, கைப்பிடிச் சுவர் கட்ட மாதங்கள் ஆயின. ஒரு நாள் எல்லாம் முடிந்தது. வெள்ளை பெயிண்ட் காய்ந்தது. பாலத்தின் இரண்டு முனையிலும் தார் டின்களை வரிசையாக வைத்து, இடையில் முள் வெட்டிப் போட்டு அடைத்தார்கள். திறப்பு விழாவுக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் நைனா குளித்து, தலை சீவி, ஆப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"வா. நீயும் உங்கம்மாவும் கூட வாங்க. போட்டுட்டு வந்துர்லாம்."

அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்திருந்தேன். என் கைபேசியில் அழைப்பிதழின் மாதிரி இருந்தது. கடைசி வரிக்கு முந்தைய வரியில், வரவேற்புரை என்ற சொல்லுக்கு எதிரே என் பெயர். உள்ளூர்ப் பெண், குரலும் நன்றாக இருக்கிறது என்று மேலதிகாரி என்னைச் சொல்லியிருந்தார். என் பெயருக்கு முன்னால் நைனாவின் முதல் எழுத்து. ஏழுமலையின் ஏ. அன்று மத்தியானம் அதை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

"நைனா, இன்னும் தொறக்கல. அடைச்சு வெச்சிருக்காங்க. போக்கூடாது."

"தார் டின்னுதான வெச்சிருக்கறான். தாண்டிப் போனா ஆச்சி."

"யாராவது போட்டோ எடுத்துப் போட்டா எம்பேருதான் வரும். ஆபீஸ்ல வேல செய்யற பொண்ணு, அவங்க நைனாவே ரூல்ஸ மீறினாருன்னு பேசுவாங்க."

நைனா சிரித்தார். "ஆடு போவுது. நாயி போவுது. ரீல்ஸ் எடுக்கற பசங்க பைக்ல சர்ரு சர்ருன்னு போறானுங்க. கட்டனவன் போனா ரூல்ஸா?"

"திறப்பு விழா அன்னிக்கு நான் மேடைல இருந்து எறங்கி வந்து உன்னக் கூப்ட்டுனு போறேன் நைனா. எல்லாரும் பாக்க, முறையா போலாம். இவ்ளோ நாள் இருந்த, இன்னும் பத்து நாள் இருக்க மாட்டியா?"

முறையா. அந்தச் சொல்லை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பது இன்னும் என் காதில் இருக்கிறது.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவருக்கு அவரு வேல முடியணும்மா" என்றாள். நான் அவளுக்கும் அழைப்பிதழைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் பெயர் எது என்று விரல் வைத்துக் காட்டினேன்.

நைனாவும் குனிந்து பார்த்தார். "எம்பேரு எங்க கீது?"

"இதோ, இந்த ஒரு எழுத்து."

அந்த எழுத்தைக் கட்டை விரலால் தடவினார். திரை நகர்ந்து வேறு எங்கோ போய்விட்டது. "சரி ஆபீசரம்மா" என்று சொல்லி, ஆப்பைக் கொண்டுபோய் கதவுக்கு அண்டை கொடுத்தார்.

வெள்ளைச் சட்டை

விழாவுக்கென்று அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினேன். செஞ்சி கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கி எடுத்தது. அதை அவர் பிரிக்கவே இல்லை. அட்டையும் குண்டூசியும் அப்படியே இருக்க, கண்ணாடிப் பையோடு ஆணியில் மாட்டி வைத்தார்.

பத்து நாள் ஒரு மாதம் ஆனது. மூன்று முறை நாள் குறித்து மூன்று முறையும் தள்ளிப் போனது. ஒவ்வொரு முறையும் வரவேற்புரையைத் திருத்தி எழுதினேன். நைனா எதிரில் உட்கார்ந்து கேட்பார். புரிந்ததோ இல்லையோ, முடிந்ததும், "கொரலு நல்லா ஏறி எறங்குது" என்பார்.

மூன்றாம் முறை தள்ளிப்போன செய்தியைச் சொன்னபோது அவர் கதவருகே குனிந்து ஆப்பின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். நான் அலுவலகத்தில் இருந்தேன். நைனா சாப்பிட்டுவிட்டு, நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லிப் படுத்திருக்கிறார். நாலு மணிக்கு டீ போட்டு அம்மா எழுப்பினாள். எழவில்லை.

எனக்குப் போன் செய்தது பாபு மாமா. "பாப்பா, வண்டிய மெதுவா ஓட்டினு வா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் தெரிந்துகொண்டேன். அந்த வாய் அவ்வளவு சிக்கனமாக இருந்தது அதற்கு முன் ஒரே ஒரு நாள்தான்.

மறுநாள் குளிப்பாட்டி முடித்ததும் புதுச்சட்டை கேட்டார்கள். ஆணியிலிருந்து எடுத்து நான்தான் பிரித்தேன். காலருக்கு அடியில் ஒன்று, கைமடிப்பில் இரண்டு, முதுகில் ஒன்று. ஒவ்வொரு குண்டூசியாக எடுத்து என் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பாதி வழி

சுடுகாடு அக்கரையில் என்று சொன்னேன். பாடை எடுக்கும் நேரத்தில் தெருவில் சத்தம் எழுந்தது. காலனிப் பையன்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே தார் டின்களைத் தள்ளிவிட்டு வந்திருந்தார்கள்.

"மேல தூக்கினு போலாம். அவரு கட்டன பாலம். எவன் வந்து கேக்கறான்னு பாத்துர்லாம்."

"தொறக்காத பாலத்துல மொதமொத பொணம் போச்சின்னா ஊருக்காரன் சும்மா இருப்பானா?" என்றார் ஒரு பெரியவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அலுவலகத்தில் வேலை செய்கிறவள், சட்டம் தெரிந்தவள், சொல்லட்டும் என்று. நான் பாபு மாமாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னார்.

"போன வாரம் கூட ரெண்டு பேரும் போனோம் பாப்பா. ஆப்ப பையில போட்டு எடுத்துனு வந்தாரு. டின்னுகிட்ட போயி நின்னாரு. ஏறிப் போலாம் வா மாமா, ஒரு நிமிசம்தான்னு கையப் புடிச்சி இழுத்தன். 'வேணான்டா, பொண்ணு முறையா போலாம்னு சொல்லிகீது'ன்னாரு. திரும்பி வந்துட்டோம்."

"மேலயே போலாம்" என்றேன். "என்ன வந்தாலும் நான் பாத்துக்கறேன். மேலயே தூக்குங்க."

வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் ரூல்ஸை மீறிச் சொன்ன முதல் சொல் அது. எவ்வளவு தாமதம்.

அம்மா எழுந்தாள். அதுவரை அவள் அழுத அழுகையில் அவளுக்குக் குரலே இல்லை.

"வேணாம்" என்றாள். "உசுரோட நடக்கணும்னு ஆசப்பட்டாரு. நாலு பேரு தூக்கினு போவணும்னு இல்ல. கீழயே போங்க. அவரு வேல செஞ்சது கீழதான்."

ஆற்றில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. மணலில் இறங்கினோம். எங்கள் பக்கம் பாதி வழியில் பாடையை இறக்கி, திசை மாற்றித் திருப்பி வைப்பார்கள். பெண்கள் அதுவரை போகலாம். அதற்கு மேல் கூடாது. வழக்கமாக அக்கரைப் புளியமரத்தடியில்தான் இறக்குவார்கள். பாபு மாமா நடு வளைவுக்கு அடியில் வந்ததும், "இங்க எறக்குங்க" என்றார். இறக்கினார்கள்.

மேலே பார்த்தேன். அதற்கு முன் அந்த வளைவை அடியிலிருந்து நான் பார்த்ததில்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் வழவழவென்று இருக்கும். அடியில் அப்படி இல்லை. நைனா அடித்த பலகை ஒவ்வொன்றின் தடமும் கான்கிரீட்டில் பதிந்திருந்தது. மரத்தின் வரி, கணு, ஆணித்தலை, இரண்டு பலகை சேரும் கோடு. மரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிப் போய் எத்தனையோ நாளாகிவிட்டது. அதன் தடம் மட்டும் வரிசை வரிசையாக இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை வளைந்து போனது.

அவரும் அதைப் பார்க்கிற மாதிரிதான் கிடத்தியிருந்தார்கள். மல்லாந்து.

திசை மாற்றித் தூக்கினார்கள். நாங்கள் அங்கேயே நின்றுவிட்டோம்.

ஒரு வரி

இரண்டு மாதத்துக்குள் திறப்பு விழா நடந்தது. நான் வரவேற்புரை படித்தேன்.

படிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அம்மாதான் போகச் சொன்னாள். "அவரு கேட்டுக் கேட்டு ஒக்காந்திருந்தது அதுக்குத்தான." பந்தலில் வரிசையாக நாற்காலி. வாழைமரம், சீரியல் செட், மேளம். என் தாளில் இரண்டு பக்கம் முழுக்கப் பெயர்கள். யாரை முதலில் சொல்வது, யாருக்கு என்ன அடைமொழி என்று மேலதிகாரி சிவப்பு மையில் திருத்திக் கொடுத்திருந்தார். இரண்டாம் பக்கத்தின் அடியில், "அயராது உழைத்த தொழிலாளர்களுக்கும்" என்று ஒரு வரி.

அந்த இடத்தில் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று முதல் நாள் முழுக்க நினைத்திருந்தேன். நாலு எழுத்துதானே, ஒரு மூச்சு. அந்த வரி வந்தது. எதிரில் முதல் வரிசை முழுக்க அதிகாரிகள். நான் தாளில் இருந்ததைப் படித்தேன். அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

துணிச்சலான பெண் என்று என்னை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இறங்கி வந்தபோது அம்மா பந்தல் ஓரத்தில் ஒயர்க் கூடையோடு நின்றிருந்தாள். "நல்லா படிச்ச" என்றாள். அவள் குத்திச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

கூட்டம் மேளத்தோடு பாலத்தில் ஏறியது. நாங்கள் முனையில் நின்றோம். கூடையில் துண்டு போர்த்தி ஆப்பு இருந்தது. அம்மா சுவர் ஓரமாக எட்டி ஆற்றைப் பார்த்தாள். வெறும் மணல். ஒரு மாடு நின்றிருந்தது.

"மணல்ல போடறதா? எவனாவது அடுப்புக்கு எடுத்துனு போவான்" என்றாள். "தண்ணி வரட்டும்."

திரும்பி, தரைப்பாலம் வழியாகவே வீட்டுக்குப் போனோம்.

தண்ணீர் வந்த நாள்

அதற்குப் பிறகு ஊரே பாலத்தில் போய்வந்தது. நான் மட்டும் தினமும் ஸ்கூட்டியைப் பழைய தரைப்பாலத்தில் இறக்கி ஏற்றினேன். "இன்னா பாப்பா, பாலத்துக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். பாபு மாமாவும் செட்டு ஆட்களும்தான் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியும். ஆப்பு விழவில்லை. வேலை முடியவில்லை.

சித்திரை போனது, ஆடி போனது. ஆப்பு கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்து மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை தூறலாகக் குறைந்தது. நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது, தரைப்பாலம் மூழ்கிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து கதவுக்கு அடியிலிருந்த ஆப்பைக் காலால் தட்டி எடுத்தாள். கதவு படாரென்று அடித்துக்கொண்டது.

"வந்துச்சி" என்றாள். "வா."

அவளைப் பின்னால் உட்கார வைத்துப் பாலத்தில் ஏறினேன். வண்டிச் சக்கரம் தளத்தைத் தொட்டதும் அவள் என் தோளைப் பிடித்தாள். நடுவில் நிறுத்தினேன். கீழே ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. தூரத்தில் மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது.

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். "ஏம்மா, செல்பி எடுக்கறதுக்கு மழைதான் கெடச்சுதா? ஓரம் போ!"

"போடா நீ" என்றாள் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஆப்பை என் கையில் கொடுத்தாள்.

"நீ போடு மா" என்றேன்.

"உன்கூடப் போவணும்னுதான் அவரு வெச்சினு இருந்தாரு. நீ போடு."

கையில் அது ஈரமாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. சுத்தியல் பட்டு விரிந்த முனை உள்ளங்கையில் உறுத்தியது. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மேடையில் இரண்டு பக்கம் படித்தவளுக்கு ஒரு சொல் வரவில்லை. கையை நீட்டி விட்டேன்.

விழுந்த சத்தம் கேட்கவில்லை. முங்கியது, எழுந்தது, ஒரு சுற்றுச் சுற்றி வளைவுக்கு அடியில் போய்விட்டது.

அம்மா சட்டென்று திரும்பி ரோட்டின் குறுக்கே ஓடினாள். அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. எதிர்ச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்து கீழே பார்த்தாள். நானும் ஓடிப்போய் அவள் பக்கத்தில் குனிந்தேன்.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல மா."

நுரை வந்தது. ஒரு தேங்காய் மட்டை வந்தது. ஒரு பிளாஸ்டிக் குடம் வந்தது.

"வரும் இரு" என்றாள் அம்மா. "அடியில எல்லாம் சரியா கீதான்னு ஒருவாட்டி பாத்துட்டுதான் வருவாரு."

நான் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தண்ணீரின் அதிர்வு கையில் ஏறியது. பாலம் அசையவில்லை.

வந்தது. தடித்த முனை முன்னால், மெலிந்த முனை பின்னால், ஓரத்துச் சிமெண்ட் வெள்ளையாகத் தெரிய, நடு ஓட்டத்தில் நேராகப் போனது. திருப்பம் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டிய எடு" என்றாள். "உனக்கு ஆபீசுக்கு நேரமாவுது. என்ன அந்தக் கரையில எறக்கி வுடு. நான் நடந்தே திரும்பி வரன்."